மூன்றாவது விசில்

டெல்லி முனிர்காவில் என் அறைக்கு எதிர் அறையில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். மதுரைப் பக்கம். ஒல்லி உடம்பு, ஈரத் தலையில் எப்போதும் ஒரு துண்டு. குக்கரை ஏற்றிவிட்டு, துணி மடித்தபடியே விசிலை வாய்விட்டு எண்ணுவார். வெக்கைக்கு இருவர் கதவும் திறந்தேதான் கிடக்கும்.

நான் முதன்முதலாக வளர்க்க வாங்கிய காக்கட்டீல், கொண்டை வைத்த சின்னக் கிளி, வந்த நாளிலிருந்து கூண்டின் மூலையை விட்டு நகரவில்லை. கையை நீட்டினால் சீறியது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக அக்காவிடம் சொன்னேன்.

"அவசரப்படாதப்பா. டெல்லி வந்த புதுசுல நானும் 'அச்சா'வத் தவிர வாயத் தொறக்கல. கைய உள்ள விடாத. பக்கத்துல உக்காந்து சும்மா பேசிக்கிட்டிரு."

அப்படியே செய்தேன். சில வாரம் கழித்து ஒரு காலையில் அக்கா குக்கரோடு என் வாசலில் வந்து நின்றார். உள்ளே பருப்பு அரைவேக்காட்டில் கிடந்தது.

"மூணு விசில் எண்ணித்தான்ப்பா எறக்குனேன். அதுல ஒண்ணு உன் ஆளு அடிச்சது!"

கூண்டில் கொண்டை விறைத்து நின்றது. டூட்டிக்கு நேரமாகியும் அக்கா பருப்பை மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை. கூண்டருகே உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி அடி, கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.