பேய்க்குக் கதவைத் திறக்கச் சொன்ன அக்கா

திருவொற்றியூரில் எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சி முடிந்ததும் யூடியூப்காரர்கள் என்னிடம்தான் மைக்கை நீட்டுவார்கள். நான் படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவேன். அன்றைக்கு வந்தது எண்ணூர் குப்பத்தில் எடுத்த சின்ன பட்ஜெட் பேய் காமெடி. கடலில் செத்த மீனவன் ஈர லுங்கியோடு வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். முகமெல்லாம் பவுடர்.

"இன்னா மாமு, மாவு மில்லுலேர்ந்து வர்றியா?" என்று கத்தினேன். தியேட்டரே சிரித்தது.

பக்கத்து சீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் பொண்டாட்டி பயந்துபோய்க் கதவை அழுத்திப் பிடிக்க, அக்கா திரையைப் பார்த்து, "தொறடி, எவ்ளோ நேரமா தட்டிகினு கீறாரு" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "இன்னாக்கா?"

"எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போயி இன்னும் வர்ல நைனா. பாடியும் கெடைக்கல. நான் பொட்டு அழிக்கல, கதவுக்குத் தாப்பாவும் போடுறதில்ல."

அப்புறம் திரையில் கதவு தட்டும்போதெல்லாம் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெளியே மைக் வந்தது. "இன்னா தல, பேய் எப்டி கீது?"

எல்லோரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள். அந்த அக்காவும் கூட்டத்தின் ஓரமாக நின்றார்.

"பயந்துட்டேன்பா" என்றேன்.

அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை படங்களுக்கு நான் சொன்னதில் மனசிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை ஒருத்தரும் நம்பவில்லை.