மாத்திரை லாத்தா வீட்டுக்காரர்

என் பொண்டாட்டி திருப்பாலைக்குடி ஆம்பளைகளை எல்லாம் ஏசுவாள். சின்னவன் பெரியவன் கிடையாது, நடுத்தெருவில் நிறுத்தி வைத்து ஏசுவாள். என்னை மட்டும் ஏச மாட்டாள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஒன்றை வைத்தே ஒன்றரை வருஷம் வயிறெரிந்து கிடந்தவன் நான்.

பதினோரு வருஷம் அரபு நாட்டில் ஒரு கடையில் நின்றேன். நான் அங்கே இருக்கும்போதே அவள் வீடு வீடாக மருந்து கொடுக்கும் அரசாங்க வேலையில் சேர்ந்துவிட்டாள். பிரஷர், சுகர் உள்ளவர்களைத் தேடிப் போக வேண்டும். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்து, விரலில் குத்தி சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும். போனில் கேட்டபோது, "செய், செய், பொழுது போகும்ல" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னதும் நான்தான். என் வாயை என்ன சொல்ல!

ஊர் திரும்பிய அன்றைக்கே டீக்கடையில் ஒருவர் என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்தார்: "தெரியலையா? நம்ம மாத்திர லாத்தா வீட்டுக்காரரு." லாத்தா என்றால் எங்களில் அக்கா. முன்பெல்லாம் லீவில் வந்தால், துபாய்க்காரர் வந்துவிட்டார் என்று சென்ட் பாட்டில் கேட்டு நாலு பேர் வாசலில் நிற்பார்கள். இப்போதும் நின்றார்கள். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "லாத்தா இருக்காகளா?" என்றார்கள். நான் கதவு நிலை மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"போதும்னு வந்துட்டேன்" என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உண்மை வேறு. விசா புதுப்பிக்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சுகர் ஏகத்துக்கும் ஏறிக் கிடந்தது. முதலாளி மரியாதையாக டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார். அந்த மாத்திரையை ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வாங்கிவந்து, வெளிநாட்டுப் பெட்டிக்குள் பழைய கோட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். ஊரில் யாருக்கு எவ்வளவு சுகர் என்று கேட்டால் என் பொண்டாட்டி தூக்கத்திலும் சொல்லுவாள். பக்கத்தில் படுத்திருந்தவனுடையது அவளுக்குத் தெரியாது.

வந்த முதல் வாரமே பட்டையை எடுத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "மச்சான், ஒங்களுக்கும் ஒரு தடவ பாத்துருவமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "என்னையும் நோயாளின்னு நோட்டுல எழுதணுமா? ஊரு நாறுனது பத்தாதா?" என்று நான் கத்திய கத்தலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அவள் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அப்புறம் கேட்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

என் பொறாமைக்கு முழு உருவமாக அடுத்த தெருவில் ஒரு கிழவர் இருந்தார். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சுகரில் காலில் ஆறாத புண் வந்து, இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். இவள் தினமும் வேலைக்குப் போகும் வழியில் அவர் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள். அவள் குரல் எங்கள் வீட்டுக் கொல்லை வரை கேட்கும்.

"அய்யா, செருப்பு எங்க? வெறுங்காலோட நடந்தா கால எடுத்துருவாகன்னு எத்தன தடவ சொல்றது? காது வலைக்குள்ள மாட்டிக்கிருச்சா?"

"ஏசு ஆத்தா, நல்லா ஏசு. நான் பெத்ததுக்கு இந்த வாயி இல்ல" என்று அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு விஷம். வீட்டில் என்னிடம், "சோறு வைக்கட்டா மச்சான்", "சரி மச்சான்", "ஆகட்டும் மச்சான்". அவ்வளவுதான். அறுபத்தெட்டு வயசுப் புண்ணுக்காலனைப் பார்த்து ஒரு ஆம்பளை பொறாமைப்படுவானா என்று கேட்பீர்கள். பட்டேன். அவர் காலில் இருந்த கட்டின் மேல்கூடப் பட்டேன்.

நோன்பு மாசத்துக்கு முந்தின வாரம் ஜமாஅத் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். சுகர்காரர்கள் எப்படி நோன்பு வைப்பது, யார் வைக்கக் கூடாது என்று விளக்கும் கூட்டம். ஆஸ்பத்திரி டாக்டர் பேசினார், பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத் பேசினார், அப்புறம் மைக்கை இவளிடம் கொடுத்தார்கள். ஜனம் அப்படியே அமைதியானது. எனக்குத் தெரிந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து என் பொண்டாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அந்தக் கிழவர். அவருக்கு நோன்பும் கிடையாது ஒன்றும் கிடையாது, இருந்தும் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மாமனார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "சஹர்ல மாத்திர போடுறவக கவனமாக் கேளுங்க" என்று அவள் ஆரம்பித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தேன். கைதட்டல் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று அந்த மண்டபத்தில் தெரியாத சுகர்காரன் நான் ஒருத்தன்தான்.

நோன்பு தொடங்கியது. ஒவ்வொரு நாளும் விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு, அவள் பாத்திரம் கழுவும் நேரம் பார்த்துக் கோட்டுப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, வழக்கம்போல ஒன்று முழுதாக முழுங்கிவிடுவேன். சஹரில் பாதிதான் போட வேண்டும் என்று அவள் மைக்கில் சொன்னது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பத்துப் பதினைந்து நாள் எப்படியோ ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் மீன் வாங்கலாம் என்று கரைக்குப் போனேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. சட்டை தொப்பலாக நனைந்தது, கை நடுங்கியது. வெயில் என்று நினைத்து கரையேற்றியிருந்த ஒரு வல்லத்து ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றுதான் நினைத்தேன், விழுந்திருக்கிறேன்.

"நோன்பாளிப்பா, வெயிலு மயக்கம், தண்ணி தெளிங்க" என்று யாரோ சொல்வது கேட்டது. அப்புறம் என் உள்ளங்கையை ஒரு சொரசொரப்பான கை பிடித்துப் பார்த்தது. அந்தக் கிழவர்.

"வெயிலுன்னா ஒடம்பு சுடணும்ல. இது சில்லுன்னு வேர்த்திருக்கு. சுகரு எறங்கிருச்சு. ஓடு, சீனியக் கரைச்சுக் கொண்டா!"

"அவருக்குச் சுகரே கெடையாதுய்யா. லாத்தா வீட்டுக்காரருல்ல, இருந்தா லாத்தாவுக்குத் தெரியாதா?"

"இருக்கா இல்லையான்னு பொறவு பாப்பம்" என்றபடி அவர் தன் மடியை அவிழ்த்து ஒரு மிட்டாயை எடுத்து உரித்தார். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் மடியில் மிட்டாய் இல்லாமல் வெளியே வரக் கூடாது என்பது என் பொண்டாட்டியின் சட்டம். "தம்பி, முழுங்கிறாத, மெல்லு."

"அய்யா, நோன்பு!" என்று ஒரு பையன் பதறினான்.

"உசுருக்கு ஆபத்துன்னா முறிச்சுக்கிறலாம்னு ஒங்க அசரத்துதான மைக்குல சொன்னாரு? நாங் கேட்டேன். நீங்கெல்லாம் எங்க போயிருந்தீக?"

வாயில் மிட்டாயோடு நான் கண்ணை மூடிக்கொண்டேன். சீனித் தண்ணியும் வந்தது. உடம்புக்கு உசிர் திரும்பும்போது ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் ஓடிவந்தாள். வந்தவள் முதலில் கேட்டது என்னையா? இல்லை. "என்னய்யா குடுத்தீக? எவ்வளவு நேரமாச்சு?" என்று கிழவரைக் கேட்டாள். அவர் சொன்னார். "நல்லது செஞ்சீக" என்றாள். என் விரலில் குத்தி, கருவியைப் பார்த்து, அதை அவரிடமும் காட்டினாள். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மண்ணில் மல்லாந்து கிடந்த நேரத்திலும் எனக்கு வயிறெரிந்தது. மனுஷ ஜென்மம்!

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு அப்புறம் வீட்டுக்கு வந்தோம். கோட்டுப் பையிலிருந்ததை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். விழப்போகும் ஏச்சுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையாகவே உட்கார்ந்திருந்தேன்.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது.

"ஊருல அத்தன பேருகிட்டயும் கூச்சமில்லாமக் கேட்டேன் மச்சான். ஒங்ககிட்டதான் ரெண்டாவது தடவ கேக்கப் பயமா இருந்துச்சு. கத்துவீகள்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அழவும் இல்லை. அட்டையை அலமாரியில், எல்லாரும் பார்க்கிற தட்டில் வைத்துவிட்டுக் கஞ்சி ஊற்றப் போனாள்.

பெருநாள் கழிந்து ஒரு காலை, நான் வேண்டுமென்றே மாத்திரையைப் பிரித்துத் தட்டோரம் வைத்துவிட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பார்க்கட்டும், ஒரு வார்த்தை ஏசட்டும், தெருவே கேட்கட்டும் என்றிருந்தது. பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து என் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். வைத்துவிட்டுப் போய் வாசல்படியில் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான் கத்த ஆரம்பித்தால் நகர்ந்துகொள்ளத் தோதாக.

நான் மாத்திரையை முழுங்கினேன். "போட்டுட்டேன்" என்றேன்.

"சரி மச்சான்" என்றாள்.