மாலையிட்டவர்கள் ஊதவில்லை

எங்கள் பள்ளியின் சிற்றுந்துகள் மந்தைவெளியில் என் வீட்டுக்கு எதிரே உள்ள திடலில் நிற்கும். தமிழாசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்றபின், பள்ளிக் குழுவினர் ஊர்திகளின் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். விடியற்காலையில் ஓட்டுநர் ஒவ்வொருவரும் ஊதுகருவியில் ஊதிய பின்னரே சாவியைப் பெறவேண்டும் என்பது நான் வகுத்த விதி. குடித்திருப்பதாகக் கருவி காட்டினால் வேலை போய்விடும். ஊதுமுன் தாமாகவே வந்து சொல்லிவிட்டால், அன்று ஒரு நாள் மட்டும் வீடு திரும்பவேண்டும், வேலை நிலைக்கும்.

ஊதும் வரிசையில் கேலிக்குக் குறைவிராது.

"நேத்து பூண்டு கொழம்புண்ணே. அதுக்கும் கத்துமா இது?"

"உன் வாய்க்கு மெஷினே மயங்கிடும், மச்சி. தள்ளிப் புடி."

கார்த்திகை பிறந்ததும் அவ்வரிசை குறுகியது. ஓட்டுநர்களில் பாதிப்பேர் ஐயப்பனுக்கு மாலையிட்டனர். ஆண்டு முழுதும் குடிப்பவரும் மாலை கழுத்தில் இருக்கும் நாள்களில் மதுவைத் தொடமாட்டார். ஆளுக்கு ஆள் ஊதுகுழாயை மாற்றினாலும், பலர் ஊதிய கருவியைச் சாமிகளிடம் நீட்ட, சாவி கொடுக்கும் மேற்பார்வையாளர் கூசினார். "நீங்க போங்க, சாமி" என்று சாவியைக் கொடுத்துவிடுவார். அருகில் அமர்ந்திருந்த எனக்கும் அது முறையாகவே பட்டது.

மழை விட்டிருந்த ஒரு காலை, கொட்டிவாக்கம் வழித்தடத்தின் ஓட்டுநர் வந்தார். அடையாற்றங்கரையில் குடியிருந்து, பின் நகருக்கு வெளியே குடிமாற்றப்பட்டவர். முதல் பேருந்தைப் பிடித்து வருபவர். தாடியும் கழுத்துவரை பொத்தானிட்ட காக்கிச் சட்டையுமாக அவர் கை நீட்ட, மேற்பார்வையாளர் தலை நிமிராமலே "போங்க, சாமி" என்று சாவியைத் தந்தார்.

அவர் என்னைக் கடக்கையில்தான் கண்டேன்: காலில் செருப்பு. நோன்பு தொடங்கியதுமுதல் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்தவர் அவர். மாலை கழன்றிருக்கிறது. நோன்பின் நடுவே அதைக் கழற்ற அவர்களிடையே ஒரே காரணம்தான் உண்டு: குடும்பத்தில் சாவு. அடக்கம் முடிந்த இரவில் ஆண்கள் எதைக் குடித்துத் துயர் ஆற்றிக்கொள்வர் என்பதும் நான் அறியாததன்று.

அடையாற்றிலும் கொட்டிவாக்கத்திலும் பிள்ளைகள் பையோடு வாசலில் நின்றிருப்பார்கள். கருவியை நீட்டச் சொன்னால், இரு பெண்களைப் படிக்கவைக்கும் ஒருவரின் வேலை அக்கணமே போகக்கூடும். சொல்லாவிட்டால் வண்டி கிளம்பிவிடும். அவர் குடித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு எவ்வாறு தெரியும்? துக்கத்தில் இருப்பவரை ஐயுறுவது எத்தகைய செயல்? நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் ஏறி அமர்ந்துவிட்டார், இயந்திரம் உறுமியது. எழுந்து சென்று கதவின்மேல் கை வைத்தேன்.

"சாமி, வீட்ல ஏதாவது துக்கமா?"

"நம்ம சித்தப்பா, சார். நேத்து சாயங்காலம் எடுத்தோம்."

"இன்னைக்கு வராம இருந்திருக்கலாமே."

"ஆள் இல்லன்னா புள்ளைங்க நின்னுக்கினு இருக்கும், சார்."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. வண்டி அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு அவர் சாவியைத் திருகி இயந்திரத்தை நிறுத்தினார்.

"ராத்திரி சாப்ட்டுட்டேன், சார். இன்னும் தல தெளியல."

மேற்பார்வையாளர் கருவியோடு ஓடிவந்தார். "இன்னா சாமி, மாலைய எப்ப கழட்டின? சார், இது தானா சொன்னதா, நீங்க கேட்டு சொன்னதா? ரூல்னு ஒண்ணு கீதே."

விதியை வகுத்தவன் நான். ஓட்டுநர் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கேட்டது சாவைப் பத்தி. குடிச்சதை அவரேதான் சொன்னார்" என்றேன். அது உண்மை. ஆயினும் கதவின்மேல் என் கை இருந்ததையும் சொல்லியிருந்தால்தான் அது முழு உண்மையாகியிருக்கும்.

"அப்போ இன்னிக்கி வூட்டுக்குப் போ, நைனா. போயி தூங்கு" என்று மேற்பார்வையாளர் சாவியை வாங்கிக்கொண்டார்.

மாற்று ஓட்டுநர் ஊதி, கருவி வாளாவிருந்ததைக் கண்டபின் வண்டி சென்றது. பிள்ளைகள் பள்ளி சேர்ந்ததாகக் கைப்பேசியில் செய்தி வரும்வரை நான் காப்பியைத் தொடவில்லை.

இனி மாலையிட்டவர்களும் ஊதவேண்டும் என்று மறுநாள் அறிவித்தேன். "சாமி மேலயே டவுட்டா, சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. அப்போது கொட்டிவாக்கத்து ஓட்டுநர் வரிசையின் முன்னால் வந்து, புதுக் குழாய் கேட்டு வாங்கி, மூச்சு முடியும்வரை ஊதினார். கருவி முடிவைக் காட்டச் சற்று நேரமாகும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுழியம் தெரிந்தது. சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன்.