கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டது

எழுந்து அடுத்த அறைக்குப் போகச் சோம்பல்பட்டு, வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் பாதியைக் கொடுத்து ஒரு பெட்டி வாங்கியவன் நான். பேய் என்று எதுவும் இல்லை என்று பத்திரிகையில் கட்டுரை எழுதி, அதற்கு வந்த வசைக் கடிதங்களைப் பெருமையோடு காட்டித் திரிந்தவனும் நான்தான். இந்த இரண்டு பெருமைகளும் ஒரே மத்தியானத்தில் போயின.

தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்தில் ஒரு பழைய உரக் கிடங்கை வாங்கி, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, ஒலிப்பதிவுக் கூடம் ஆக்கியிருந்தேன். மைக்கில் விழும் குரலைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டியை ப்ரீ-ஆம்ப் என்பார்கள். அது பாடுகிறவர் அறையின் மூலையில் இருந்தது. நான் இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் மௌஸை அசைத்தால் அங்கே பெருக்கம் கூடும், குறையும். வேலைக்கு வேறு ஆள் கிடையாது. ஆகவே அந்தப் பெட்டி வேலை செய்யும்போது அதன் பக்கத்தில் நான் நின்றதே இல்லை.

அறையைச் சுற்றிப் பஞ்சு அடைத்திருந்தது. சுற்றிலும் வயல், ஆனால் ஒரு தவளைக் குரல்கூட உள்ளே வராது. தனியாக நின்றால் காதுக்குள் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும்.

தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், விடுமுறை முடியப்போகிறது. சர்ச்சில் பாடும் மனைவியின் குரலைச் சி.டி.யில் கொண்டுபோக அவருக்கு ஆசை. அவரைப் போகவே விடக்கூடாது என்பது அந்த அம்மாவின் ஆசை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் அதே பேச்சு. மைக் திறந்தே இருந்தது.

“இந்தத் தடவ போவாதீங்க.”

குரல் கிசுகிசுப்பாக இறங்கவும், என் கை தானாகப் பெருக்கத்தைக் கூட்டியது. அப்படிக் கூட்டும்போது ஹெட்ஃபோனில் ஒரு கணம் ஒலியே அற்றுப்போகும். திரும்ப வந்தபோது, இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரல் கணுவால் நாற்காலியைத் தட்டினார். யாரோ தட்டியதற்குப் பதில் தட்டுவதுபோல் இருந்தது. பதில் எனக்குக் கேட்டது. முதலில் தட்டியது கேட்கவில்லை.

“இங்கியே ஏசி கடை போட்டா ஆவாதா? தஞ்சாவூர்ல இப்ப யாரு வீட்லதான் மாட்டல?”

“நம்மகிட்ட யாரு வருவா?”

“வருவாங்க.” மறுபடியும் கிசுகிசுப்பு. மறுபடியும் என் கை, அந்த வெறுமை, அண்ணாந்த முகங்கள், நாற்காலியில் தட்டல்.

பதிவைப் பின்னால் ஓட்டிக் கேட்டேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மைக்குக்குக் கேட்காத எதுவோ அவர்களுக்குக் கேட்கிறது. உரக் கடைக்காரர் பேரமே பேசாமல் இந்த இடத்தை ஏன் கொடுத்தார் என்று முதல்முறையாக யோசித்தேன்.

“போனா புள்ளைக்கு உங்க மொகம் மறந்துடும்ங்க.”

இந்தத் தடவை அவர் முன்கூட்டியே அண்ணாந்து காத்திருந்தார். வெறுமை வந்து போயிற்று. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மேலே பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். “என்ன சார் கேக்குது உங்களுக்கு?”

“பல்லிங்க. இவ சொல்றதுக்கெல்லாம் சொல்லுது. நாங்க வேதக்காரங்க, இதெல்லாம் பாக்கக் கூடாதுதான். ஆனாலும் மூணு தடவ சொன்னா எப்படிங்க?” எழுந்தார். “டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன். நீ வா, வண்டிய எடுக்கறேன்.”

எறும்பு நுழைய வழியில்லாத அறை அது. அவர் வெளியே போனதும் டார்ச்சை எடுத்துப் பஞ்சுக்கு மேலும் கீழும் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் நடுங்கியது; டார்ச்சில் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“தேடாதீங்க சார். நான் கொரல எறக்குனா மூலையில இருக்குற பொட்டி டிக்கு டிக்குங்குது. மொதப் பாட்டுலயே தெரிஞ்சிடுச்சு. அவர்ட்ட மட்டும் சொல்லிடாதீங்க.” வாசல்வரை போய்த் திரும்பினார். “ஒங்க பொட்டி போடுற சத்தம் ஒங்களுக்கே தெரியாதா சார்?”