அக்கா தன் வேகத்தில் வளர்ந்தார்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் நான் அழுதுகொண்டே எழுதியிருப்பேன் என்று நினைக்கக்கூடும். அழுத நாட்கள் உண்டு. இன்று நிம்மதியாகத்தான் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் ஒரு வாடகை வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் பலகார முறையை விடவில்லை. எங்கள் வீட்டில் குழந்தை குப்புறக் கவிழ்ந்தால் கொழுக்கட்டை, அடி எடுத்து வைத்தால் அடை, வாசற்படியைத் தாண்டினால் பாயசம். அக்காவுக்கும் எல்லாம் அதே வரிசையில்தான் வந்தன. என்ன, ஒவ்வொன்றும் சாவகாசமாக வந்தது.

இரண்டு வயது இளையவளான நான் பதினோராம் மாதமே படியைத் தாண்டிவிட்டேனாம். அம்மா பாயசத்துக்கு அடுப்பு மூட்டவே இல்லை. "பெரியவ இன்னும் தாண்டலை. அதுக்குள்ள சின்னவளுக்கு என்ன பாயசம் வேண்டிக் கெடக்கு?" என்று அண்டை வீட்டாரை அடக்கிவிட்டார். கல்யாணத்துக்குத்தான் மூத்தவள், இளையவள் என்று பார்ப்பார்கள், பாயசத்துக்குமா? அக்கா நான்காம் வயதில் தாண்டினார். என் பாயசமும் அன்றுதான் கிடைத்தது.

பிற்பாடு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தினேன். வளர்ச்சியின் வரிசை பொதுவானது, வேகம் அவரவருடையது. பிறப்பிலிருந்து கடைசி மூச்சு வரை அது நிற்பதில்லை. ஒரு திறன் குறையும்போதே இன்னொன்று கூடலாம். இதையெல்லாம் தொண்டை வறளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நாற்பது வயது அக்காவுக்குச் சாதம் பிசைந்து ஊட்டுவேன். என் படிப்பு லட்சணம் அப்படி!

அம்மா தன் கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கற வரைக்கும் அவளுக்குக் கொறையில்லை" என்றார். நான் இல்லாமல் போனால்? தி. நகரில் இருக்கும் தம்பி, "நான் பாத்துக்கறேன்க்கா" என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பயம் போகவில்லை. ஒரு தலைவலி வந்தால்கூட, நான் முந்திவிடுவேனோ என்று கிலி பிடித்துக்கொள்ளும்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது, நான் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டு வந்த அன்றே அக்கா தட்டோடு என் எதிரில் உட்கார்ந்தார். ரசம் சாதத்தைப் பிசைந்தார். பாதி அவர் மடியில் சிந்தியது.

"ஆ காட்டு" என்றார்.

காட்டினேன். உப்புப் போதவில்லை. வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன் என்று எழுத முடியாது. திறந்து திறந்து சாப்பிட்டேன்.

மூன்றாம் வாரம், கறிவேப்பிலை வாங்கத் தனியாகத் தெருவில் இறங்கினார். நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முனையில் வண்டிகள் போகும்வரை அக்கா ஓரமாகக் காத்திருந்தார். அங்கே துணி தேய்க்கும் இஸ்திரிக்காரர் கை காட்டியதும் கடந்தார். திரும்பி வந்தபோது கையில் கொத்தமல்லி இருந்தது.

"கறிவேப்பிலை எங்கேக்கா?"

"இது நன்னா இருந்தது."

அன்று ரசத்துக்குக் கொத்தமல்லிதான்.

கட்டுப் பிரித்த பிறகு, ஊட்டப் போகும் என் கையை நான் அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு இருந்த எட்டு ஆண்டுகளில் அக்கா பால் காய்ச்சக் கற்றார், தன் தலையைத் தானே பின்னிக்கொண்டார். கண் மங்கியது, முழங்கால் மடங்க மறுத்தது. ஆனால் யார் முகம் வாடியிருந்தாலும் முதலில் கவனிப்பவர் அவராகிவிட்டார்.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமடைந்து, அடையாறில் ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்து, ஒரு மத்தியான வேளையில் வலியில்லாமல் அடங்கினார். அப்பாடா, எனக்கு முன்னால் போனாரே என்று அப்போதே தோன்றியது. வெட்கமாகத்தான் இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த நான்கு நாளும் முறை வைத்துக் காவல் இருந்த தம்பிக்கும் அவன் மனைவிக்கும், முகம் சுளிக்காத செவிலியருக்கும், காரியங்கள் முடியும்வரை சமைத்துப் போட்ட அடுத்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் இஸ்திரிக்காரரிடமும் நன்றி சொல்லப் போனேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு டீச்சரம்மா தேங்க்ஸு? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறச்சொல்லோ அக்கா என்னிய கூப்ட்டு சொல்ச்சி. 'தங்கச்சி தனியா இருந்தா பயந்துக்கும். சாப்ட்டுச்சான்னு டெய்லி போய் கேளு'ன்னு."

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து மணி அடிக்கிறார். கேட்கிறார். "சாப்பிட்டேன்" என்கிறேன்.