பதினான்கு சகோதரர்களும் ஓர் ஆமைக்குட்டியும்

அந்த மருத்துவமனையில் பட்டியல் அக்காவைத் தெரியாதவர் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருடம் கீழே சேர்க்கைக் கவுன்டரில் உட்கார்ந்து, யார் தயவும் இல்லாமல் தானே படித்து, மாடியில் கணினிப் பிரிவுக்கு ஏறி வந்தவர். என்ன வேலை என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "படிவத்துல எந்தக் கட்டத்துல எந்த வார்த்தையை உள்ள விடலாம், எதை விடக்கூடாதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கறது."

சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையின் அருமை கவுன்டரில் உட்கார்ந்தவருக்குத்தான் புரியும். நோயாளியோடு வருபவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் உண்டு. பழைய பட்டியலில் ஆறே ஆறு சொற்கள்: அப்பா, அம்மா, கணவர், மனைவி, பிள்ளை, சகோதரர். வேறு எதைப் போட்டாலும் திரை சிவப்பாக முறைக்கும். அனுமதிச் சீட்டு வராது, வார்டுக் கதவு திறக்காது. பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். கவுன்டர் ஆட்கள் என்னதான் செய்வார்கள், பாவம்? கண்ணை மூடிக்கொண்டு "சகோதரர்" என்று போட்டுவிடுவார்கள். ஒரு பெரியவருக்கு ஒரே வருடத்தில் பதினான்கு சகோதரர்கள் சேர்ந்துவிட்டார்கள், அதில் மூன்று பேர் பெண்கள்! அக்காவின் மாமியார் படுத்தபோது மருமகள் என்ற சொல்லே கிடையாது. அக்கா தன்னையே "பிள்ளை" என்று பதிந்துகொண்டார். "இப்பவாவது எனக்குப் புள்ளையானியே," என்று மாமியார் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். சிரிப்பெல்லாம் சரிதான். ஆனால் பொய்யைப் பதிந்தது தன் கை என்பது அக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

புது மென்பொருள் வந்தபோது பட்டியல் எழுதும் பொறுப்பு அக்காவிடம் வந்தது. தெரிந்த உறவுகள் முப்பதை எழுதினார். அதோடு நிற்கவில்லை. பட்டியலில் இல்லாத சொல் வந்தாலும் தள்ளக்கூடாது, வந்தபடியே வாங்கி "புதிது" என்று குறி போட்டு வைக்கவேண்டும், மூன்று தடவை வந்தால் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று விதி வைத்தார். மேலாளருக்கு முகம் கோணியது.

"இப்படித் திறந்து விட்டா கண்டதையும் எழுதுவாங்கம்மா. எல்லாம் குப்பையாயிடும்."

"இப்ப இருக்கற பொய் மட்டும் குப்பை இல்லையா சார்?"

"சரி, ஒரு மாசம் பாப்போம். குப்பை சேந்தா பட்டியலை மூடிடுவேன். நீங்களும் மறுபடி கவுன்டருக்கே போயிடணும்."

"சரி சார்," என்று அக்கா கம்பீரமாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் மாடிப்படியில் நின்று கீழே கவுன்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பட்டியல் சொல்லை வாங்கினால் மட்டும் போதுமா? அந்தச் சொல்லைப் படிக்கிற மற்ற நிரல்கள் மிரண்டு விழுந்தால்? அதற்கு அக்காவிடம் ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும், இல்லாத நோயாளி ஒருவருக்கு "ஆமைக்குட்டி" என்று உறவு போட்டு அனுப்புவார். முதல் வெள்ளியன்றே வார்டுக் கதவின் நிரல் தொபுக்கென்று படுத்துவிட்டது. அதை எழுதியவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அக்கா, உங்களுக்கே நியாயமா இருக்கா? ஆமைக்குட்டின்னு யாரு எழுதப் போறாங்க?"

"யாரு என்ன எழுதுவாங்கன்னு எனக்கும் தெரியாதே தம்பி. அதனாலதான் அனுப்புறேன்."

முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். அடுத்த வெள்ளி, "உறவு: ஆமைக்குட்டி" என்று அழகாகச் சீட்டு அச்சாகிக் கதவும் திறந்தது. அந்தச் சீட்டை அவரே சுவரில் ஒட்டி வைத்தார். அதன் பிறகுதான் புதுப் பட்டியலைக் கவுன்டருக்குக் கொடுக்க அக்கா சம்மதித்தார்.

புதுப் பட்டியல் கவுன்டருக்குப் போய் ஒரு மாதம் முடிந்தது. புதுச் சொற்கள் எழுபத்து மூன்றையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார். கையில் சிவப்புப் பேனா. குப்பை என்று தேறியது நான்குதான். அதில் ஒன்று, "எத்தனை தடவை சொல்றது". மற்றதையெல்லாம் வாய்விட்டுப் படித்தார். பக்கத்து வீடு. சகலை. கூட வேலை செய்பவர். முன்னாள் மனைவி. படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. "டிரைவர்" என்ற இடத்தில் நின்றேவிட்டது. பக்கத்தில் இருந்த நோயாளி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கப்பா நம்பர்."

அக்காவுக்கு அது தெரியாது. மேலாளர் வெளியூர்க் கூட்டத்தில் இருந்தபோது அவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். அவர்கள் வீட்டு டிரைவர்தான் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து, நான்கு நாளும் கூடவே இருந்தார்.

"பழைய பட்டியல்ல இவரை என்னன்னு போட்டிருப்பாங்க?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளதைச் சொன்னார்.

"வயசைப் பாத்துப் பிள்ளைன்னு போட்டிருப்பாங்க சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"பட்டியல் திறந்தே இருக்கட்டும்மா. டிரைவர்ங்கறதையும் அதுல சேத்துடுங்களேன்."

"மூணு தடவை வரணும் சார். இது ஒரு தடவைதான் வந்திருக்கு."

அவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு கண் கலங்கியிருந்தும் வாய்விட்டுச் சிரித்து, எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினோரு வருடம் பொய் பதிந்த கையால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனார். அன்று வெள்ளிக்கிழமை, ஆமைக்குட்டியை அனுப்ப வேண்டியிருந்தது.