பானட்டில் மூன்று தட்டு

தாராவி தொண்ணூறடிச் சாலையில் கரீம் பாட்சாவின் கேரேஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மூக்கு பாய் கடை என்று கேட்டால் டாக்ஸிக்காரர்கள் கை காட்டுவார்கள்.

பம்பாய்ப் புழுக்கத்தில் காருக்கு ஹீட்டர் எதற்கு? டிசம்பரில் மகாபலேஷ்வர் போகிறவர்களுக்கு வேண்டும். மலை ஏறும்போது இன்ஜின் கொதித்தால், அந்தச் சூட்டை உள்ளே இழுத்துவிட டாக்ஸிக்காரர்களுக்கும் வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடந்ததைத் திடீரென்று போட்டால் நாறும். என்ன நாற்றம் என்பதில்தான் விஷயம். வெல்லப்பாகு போல இனிப்பாக அடித்தால் ஹீட்டர் ரேடியேட்டரில் கூலன்ட் கசிகிறது. எண்ணெய் கருகினால் இன்ஜின் ஆயில் புகைக்குழாய் மேல் சொட்டுகிறது. மக்கல் வாடை என்றால் மழைக்காலத்துச் சருகு காற்றுப்பெட்டியில் ஊறிக் கிடக்கிறது. பிணவாடை என்றால் எலி.

பாட்சா கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுக்கத் திறந்து, மே மாத வெயிலிலும் ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருப்பார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். வேர்வையில் சட்டை ஒட்ட இறங்கிவந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார். தப்பியதில்லை.

1982 வரை அது அவருடைய மூக்குதான். அந்த வருடம் பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது வாசனை போயிருந்தது. திரும்பி வரவேயில்லை. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஒருநாள் பெட்ரோல் டப்பா கவிழ்ந்து கிடந்த இடத்திலேயே நின்று பீடி பற்றவைக்கப் போனார். தீப்பெட்டியைத் தட்டிவிட்டவன் பூதத்தான். நாங்குநேரிப் பக்கத்துக்காரன், எழுபத்தேழிலிருந்து அவரோடு வேலை செய்தவன்.

“பாய், ஒமக்குக் கண்ணு தெரியலையா?”

“கண்ணு தெரியுதுலே. மூக்குதான் செத்துப்போச்சு. வெளிய சொல்லிராத, பொழப்பு போயிரும்.”

“எங்காத்தா மேல சத்தியம் பாய். இனிமே ஒம்ம மூக்கு நாந்தான்.”

அன்றைக்கே ஒரு வழி கண்டார்கள். பாட்சா இறங்கும்போது பூதத்தான் மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுவான். அடைபட்ட காற்று முதலில் அவன் முகத்தில்தான் அடிக்கும். பிறகு அசட்டையாக நடந்துபோய் முன்பக்கப் பானட்டில் தட்டுவான். ஒரு தட்டு இனிப்பு. இரண்டு ஆயில். மூன்று எலி. நான்கு மக்கல். நாலு வருடம் ஒரு தட்டு பிசகவில்லை.

1986 டிசம்பரில் ஒரு காலையில் அணுசக்தி நகரிலிருந்து என்ஜினீயர் சுப்ரமணியன் வந்தார். அந்தக் குடியிருப்பின் பாதிக் கார்கள் பாட்சாவிடம்தான் வந்தன. மீதியையும் பிடித்துத் தருவதாகச் சொல்லி, இரண்டு நண்பர்களையும் கூட்டிவந்திருந்தார்.

“பாட்சா பாய், நாளைக்கு மகாபலேஷ்வர் கிளம்பறோம். ஹீட்டரைப் போட்டா ஒரே நாத்தம். குழந்தைகளுக்குத் தலைவலி வந்துடறது.”

பாட்சா உள்ளே உட்கார்ந்தார். முன்கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் பனி பிடித்திருந்தது. விரலால் துடைத்தார், பிசுபிசுத்தது. குழந்தைகள் சாக்லேட் தின்ற கையை வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பூதத்தான் கதவைத் திறந்துவிட, இறங்கினார். பானட்டில் மூன்று தட்டு விழுந்தது.

“எலி,” என்றார்.

“நம்ம கேன்டீன் எலிதான் லிஃப்ட் கேட்டு வந்திருக்கும்,” என்றார் ஒரு நண்பர். எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்சா டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றினார். காற்றுப்பெட்டியைத் திறந்தார். இரண்டு மணி நேரம் தேடியும் எலி இல்லை, எலிப்புழுக்கைகூட இல்லை. சிரித்த நண்பர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். டீ குடிக்கப் போயிருந்த பூதத்தான் அப்போதுதான் வந்தான்.

“நான் ஒருக்கா மோந்து பாக்கட்டுமா சார்?” உள்ளே தலையை விட்டான். “இனிப்பு வாடைல்லா அடிக்கி! ஹீட்டர் ரேடியேட்டர் கசியுது. கண்ணாடியப் பாருங்க, பிசுபிசுங்கும். காலுக்குக் கீழ ரப்பர் மேட்டத் தூக்குங்க.”

சுப்ரமணியன் கால்மிதியைத் தூக்கினார். கூலன்ட் பச்சையாகத் தேங்கி நின்றது.

“பாய்க்கு நாலு வருசமா வாசனையே தெரியாது சார். மோந்தது பூரா நாந்தான்,” என்றான் பூதத்தான். சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தான். டிராம்பே ரோட்டில் புதுக் கேரேஜ், திங்கட்கிழமை திறப்பு. மூலையில் ஒரு மூக்குப் படம்கூட அச்சடித்திருந்தான்.

பாட்சா அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்று காலையில் தோன்றிய யோசனை இல்லை இது. அச்சாபீஸ் போய், படம் வரையச் சொல்லி, திருத்தி வாங்கிய யோசனை.

“ஏம்லே?”

“மூக்கு என்னுது, பேரு ஒம்மது. ஒருநாளாவது ஒருத்தங்கிட்டயாவது எம்பேரச் சொன்னீரா வே?”

சுப்ரமணியன் மெதுவாகக் கேட்டார்: “நிஜமா பாய்?”

“நெசந்தான் சார்,” என்றார் பாட்சா.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

கழற்றியதை எல்லாம் பாட்சாதான் திரும்ப மாட்டிக் கொடுத்தார். ஒரு திருகாணி மிச்சமாகவில்லை. முன்சீட்டில் பூதத்தானை ஏற்றிக்கொண்டு கார் டிராம்பே பக்கம் போயிற்று. கண்ணாடியின் பிசுபிசுப்பு இன்னும் அவர் விரலில் இருந்தது. காலையிலேயே கண்ணும் விரலும் சொல்லிவிட்டன. அவர்தான் பானட்டில் விழுந்த தட்டை நம்பினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி நூர் நிஷாவிடம் நடந்ததைச் சொன்னார். துரோகி என்று நூர் நிஷா பூதத்தானைத் திட்டுவாள் என எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

“மூக்கு எப்பப் போச்சு?”

“எம்பத்திரெண்டுல. அந்தக் காய்ச்சல்ல.”

“அவனுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எனக்கு?”

பாட்சா பிசுபிசுத்த விரலைச் சட்டையில் துடைத்தார்.

“தெனமும் வாசல்ல நின்னுக்கிட்டே, என்ன நிஷா மீன்கொழம்பா, தெருவே மணக்குதேம்பீங்களே. அது என்னது?”

வாசல் சாக்கடையில் கிடக்கும் செதிலைப் பார்த்துச் சொன்னது அது. செதில் இல்லாத நாளில் குப்பைக்கூடையில் கிடக்கும் காய்கறித் தோலைப் பார்த்து அந்தக் குழம்பின் பேரைச் சொன்னது. 

நூர் நிஷா சட்டியின் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

“இன்னைக்கு என்ன கொழம்பு? சொல்லுங்க.”

அவர் கண் தன்னையறியாமல் வாசல் பக்கம் போயிற்று. சாக்கடையைக் கழுவி விட்டிருந்தார்கள். குப்பைக்கூடை காலியாக இருந்தது.